செவல் மேட்டில், கரிசல் பள்ளத்தில்: ஒரே சரிவில் இரண்டு மண் அமைவது எப்படி?

கேள்வி: சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடையே எங்களுக்கு ஒரே துண்டாக மானாவாரி நிலம் இருக்கிறது. மேற்குப் பக்கம் மேடு. சரளை கலந்த செவல். கிழக்கே ஓடையை நோக்கி இறங்க இறங்க நிறம் மாறி, கடைசியில் சுத்தக் கரிசலாகிவிடுகிறது. ஒரே மழை பெய்கிறது, அடியில் இருப்பதும் ஒரே பாறைதான் என்கிறார்கள். பிறகு மண் மட்டும் ஏன் மாறியது? கரிசலின் குணத்தை எப்படிப் புரிந்துகொள்வது? அந்தக் கீழ்ப்பகுதியில் பண்ணைக்குட்டை வெட்டவும், ஒரு சிறு வைப்பறை கட்டவும் எண்ணியிருக்கிறோம்.

பதில்:

இரண்டு மண்ணும் ஒரே பாறையிலிருந்து பிறந்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேட்டில் பாறை சிதைந்தபோது மழைநீர் கரைத்து எடுத்துச் சென்ற சிலிக்கா, கால்சியம், மக்னீசியம் ஆகியவை சரிவின் அடியில் தங்கின. அங்கே கரிசல் உருவாயிற்று. அவற்றை இழந்த மேட்டில் இரும்பும் அலுமினியமும் மிஞ்சின. அந்த இரும்பு மண்ணைச் சிவப்பாக்கியது. கரிசலின் குணங்களைத் தனியாகவும், அது கிடக்கும் இடத்தைத் தனியாகவும் படிப்பவருக்கு இரண்டுமே முழுதாகப் பிடிபடுவதில்லை என்பது என் உறுதியான கருத்து. எனவே இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலிருந்து மன்னார் வளைகுடாக் கரை வரை நிலம் மெல்ல மெல்லக் கிழக்கே தாழ்கிறது. மலையை ஒட்டிச் சரளையும் செம்மண்ணும். சிவகிரி, சங்கரன்கோவில் பக்கம் செவல். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் பரந்த கரிசல். கடலை நெருங்கும்போது மணலும் உவர் நிலமும் என்று மண் மாறிக்கொண்டே போகிறது. இந்தப் பெரிய ஒழுங்கின் சிறிய பிரதிதான் உங்கள் நிலம். வட்டாரம் முழுவதும் செவலுக்குப் பின் கரிசல் வருவதற்கும், ஒரே நிலத்தில் சில நூறு மீட்டருக்குள் அதே மாற்றம் நிகழ்வதற்கும் அடிப்படை ஒன்றே: நீர் எங்கிருந்து வடிகிறது, எங்கே தேங்குகிறது என்பது. கிழக்கு ஆப்பிரிக்காவில் மண் ஆய்வு செய்த ஜெஃப்ரி மில்ன், குன்றின் உச்சியில் சிவப்பு மண்ணும் பள்ளத்தாக்கின் அடியில் கருங்களியுமாக மண்வகைகள் ஒரு சங்கிலிபோலக் கோத்துக் கிடப்பதை 1930களில் விவரித்தார். மண் வரைபடம் தயாரிப்போர் இன்றும் அந்தச் சங்கிலியைத் தேடித்தான் நிலத்தில் நடக்கிறார்கள். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் 1972இல் தொடங்கப்பட்ட, வறள்நிலப் பயிர்களை ஆராயும் இக்ரிசாட் நிறுவனத்தின் வளாகத்திலேயே செம்மண்ணும் கரிசலும் அருகருகே உள்ளன. அதனால்தான் ஒரே மழையை இரண்டு மண்ணும் எப்படி வேறு வேறாக ஏற்கின்றன என்பதை அங்கே ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

நம் தென் மாவட்டங்களில் அடிப்பாறை பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் வகைகள். அவற்றிலுள்ள ஃபெல்ட்ஸ்பார், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்கள் நீர்பட்டுச் சிதையும்போது களித்துகள்கள் உருவாகின்றன. எந்தக் களி உருவாகும் என்பதை, கரைந்த பொருள்கள் அங்கேயே நிற்கின்றனவா, வடிந்து போய்விடுகின்றனவா என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. நன்றாக வடியும் மேட்டில் சிலிக்காவும் கால்சியமும் நீரோடு போய்விட, கயோலினைட் என்ற எளிய களி மிகுதியாக உருவாகிறது. வடிகால் மந்தமான பள்ளத்தில் அவை குவிவதால் ஸ்மெக்டைட் என்னும் களிக்கு வேண்டிய மூலப்பொருள் கிடைக்கிறது. மேட்டிலிருந்து நுண்ணிய களித்துகள்களும் மழைதோறும் வந்து படிகின்றன. இப்பகுதியில் சுண்ணாம்புச்சத்து மிக்க பாறைப் பட்டைகளும் குறுக்கிடுகின்றன. அருப்புக்கோட்டையை அடுத்த பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படுவது பலருக்கும் தெரியும். அத்தகைய பட்டைக்குக் கீழ்ச்சரிவில் இருக்கும் நிலம் கரிசலாவது இன்னும் எளிது.

எல்லாக் கரிசலும் பள்ளத்தில்தான் இருக்கும் என்று இதைப் பொதுவிதியாக்கிவிடக் கூடாது. மகாராட்டிரத்திலும் மாளவத்திலும் தக்காண எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையிலேயே கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. ஆதலால் அங்கே மேட்டு நிலத்திலும் கரிசல் உருவாகிறது, மேலே ஆழம் குறைவாகவும் பள்ளத்தாக்கில் ஆழமாகவும் இருக்கும். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் கிரெட்டேசியக் காலக் கடலடிப் படிவங்களான சுண்ணாம்புக்கல், களிப்பாறை ஆகியவற்றின்மேல் கரிசல் கிடக்கிறது. ஆகவே ஒரு கரிசலைப் பார்த்தால், அதன் கால்சியம் அடியிலுள்ள பாறையிலிருந்தே வந்ததா, மேட்டிலிருந்து வந்து சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். உங்கள் நிலத்தில் விடை பெரும்பாலும் இரண்டாவதாகவே இருக்கும்.

இனிக் களியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம், ஏனெனில் கரிசலின் அத்தனை குணங்களும் இதிலிருந்தே கிளைக்கின்றன. ஸ்மெக்டைட் துகள் ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டைப்போல மிக மெல்லிய அடுக்குகளால் ஆனது. அடுக்குகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. கால்சியம், மக்னீசியம், சோடியம் போன்ற நேர்மின் அயனிகள் இடையில் அமர்ந்து அவற்றைத் தளர்வாகவே பிணைக்கின்றன. ஈரம் பட்டதும் நீர் அடுக்குகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்க, களி உப்புகிறது. காய்ந்தால் அடுக்குகள் நெருங்கிச் சுருங்குகிறது. செவலிலுள்ள கயோலினைட்டில் அடுக்குகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகியிருப்பதால் நீர் இடையில் புக வழியில்லை. ஒரு கிராம் ஸ்மெக்டைட்டின் உள்ளும் புறமுமான மொத்தப் பரப்பு 600 முதல் 800 சதுர மீட்டர். கயோலினைட்டுக்கு இது 10 முதல் 20 சதுர மீட்டர் அளவே. நீரையும் சத்துகளையும் பிடித்து வைக்கும் திறனில் இரண்டு மண்ணுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்தப் பரப்பில்தான் இருக்கிறது.

மண் வகைப்பாட்டில் கரிசல் வெர்ட்டிசால் என்ற தொகுதியில் சேர்கிறது. குறைந்தது 30 விழுக்காடு களி, பருவந்தோறும் திறந்து மூடும் வெடிப்புகள், ஆழத்தில் ஒன்றோடொன்று உராய்ந்து வழுவழுப்பான மண்தளங்கள் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். நம் கரிசல்களில் களி 40 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். ஈரத்தில் 10 செ.மீ. நீளமிருந்த கட்டி காய்ந்தபின் ஏறத்தாழ 1 செ.மீ. குறுகிவிடும். இந்தச் சுருக்கம் ஒரு வயல் முழுவதும் நிகழ்வதால்தான் கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. வெடிப்பு மேலே பல செ.மீ. அகலமும், ஆழத்தில் ஒரு மீட்டர் அளவும் இருக்கக்கூடும். மேல்மண்ணின் பொடி அந்த வெடிப்புக்குள் விழுந்து அடியை நிரப்புகிறது. மழை பெய்து மண் உப்பும்போது, ஏற்கெனவே நிரம்பிவிட்ட இடத்தில் விரிய வழியின்றி அடிமண் பக்கவாட்டில் நெருக்கிச் சாய்வாக மேலே தள்ளுகிறது. வேலிக்கற்களும் கம்பங்களும் சில ஆண்டுகளில் சாய்ந்துபோவதற்கு இந்த நகர்வே முக்கியக் காரணம். ஒன்றரை மீட்டர்க் குழி வெட்டி, சுவரிலிருந்து ஆப்பு வடிவமான ஒரு கட்டியைக் கையால் பெயர்த்துப் பாருங்கள். அதன் ஒரு முகம் எண்ணெய் தடவியதைப்போலப் பளபளக்கும். விரலால் தடவினால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தட்டுப்படும். இரண்டு மண் பாளங்கள் பேரழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியதன் தடம் அது.

நிறத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கறுத்திருப்பதால் மக்கு நிறைந்த, மிகச் செழிப்பான மண் என்று பலரும் கருதுகிறார்கள். ரஷ்யா, உக்ரைன் புல்வெளிகளின் கருமண்ணுக்கு அது பொருந்தும். நம் கரிசலில் கரிமச்சத்து பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் கீழே, பல வயல்களில் 0.5 விழுக்காட்டுக்கும் கீழேயே உள்ளது. சிறிதளவு மக்கே ஸ்மெக்டைட்டுடன் இறுகப் பிணைந்து மண் முழுவதையும் கறுப்பாகக் காட்டுகிறது. ஆகவே நிறத்தைப் பார்த்துத் தொழுவுரத்தைக் குறைத்துவிடாதீர்கள். தழைச்சத்தும் துத்தநாகமும் கரிசலில் அடிக்கடி பற்றாக்குறையாகின்றன. கார அமில நிலை 8ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருப்பதால் இடும் மணிச்சத்து கால்சியத்தோடு சேர்ந்து முடங்குகிறது, இரும்புச்சத்தும் பயிருக்கு எட்டாமல் நிலக்கடலை போன்றவை இளம் இலையில் வெளிறுகின்றன.

கரிசலைத் தோண்டும்போது கிடைக்கும் வெண்ணிறச் சுக்கான் கற்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். மேட்டிலிருந்து வந்த கால்சியம், மழை போதாமல் மண்ணைவிட்டு வெளியேற முடியாதபோது கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து உருண்டு திரண்டதே சுக்கான். ஒரு துண்டைப் பொடித்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பொங்கி நுரைக்கும். எலுமிச்சைச் சாறு விட்டாலும் மெல்லக் குமிழி வரும். எந்த ஆழத்தில் சுக்கான் திரளத் தொடங்குகிறதோ, அநேகமாக அந்த ஆழம் வரைதான் வழக்கமான ஆண்டின் மழை மண்ணுக்குள் இறங்குகிறது என்று கொள்ளலாம். இதில் ஓர் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. கால்சியம் இப்படிக் கல்லாகிப் பிரிந்துகொண்டே போனால், களியின்மேல் சோடியம், மக்னீசியத்தின் பங்கு கூடுகிறது. சோடியம் ஏறிய ஸ்மெக்டைட் நீரில் கலைந்து நுண்துளைகளை அடைத்துவிடும். மழைக்குப்பின் சேறு கலங்கி நின்று, காய்ந்தபின் ஓடுபோல இறுகும். ஓடையை ஒட்டிய தாழ்விடத்தில் இத்தகைய திட்டு இருந்தால், மண் பரிசோதனையில் சோடியத்தின் விழுக்காட்டைக் கேட்டு வாங்கி, பரிந்துரைத்த அளவில் ஜிப்சம் இட வேண்டும். கரிசலடிக் கிணறுகளில் பல உப்புத்தண்ணீராக இருப்பதற்கும், அந்த ஊர்கள் குடிநீருக்கு மழைநீர் தேங்கும் ஊருணிகளை நம்பியிருந்ததற்கும் இதே பள்ளத்துச் சேர்மானம் ஒரு காரணம்.

விவசாயத்துக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது நீரோடு கரிசலுக்கு உள்ள உறவு. காய்ந்து வெடித்த கரிசலில் முதல் மழை வெடிப்புகளின் வழியாகத் தங்குதடையின்றி உள்ளே போகும். களி உப்பி வெடிப்பு மூடியபின் நீர் உட்புகும் வேகம் மணிக்கு 1 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். அதற்குப்பின் பெய்வது பெரும்பாலும் மேலேயே ஓடும் அல்லது தேங்கும். ஆனால் ஒருமுறை நிறைந்துவிட்டால் ஒரு மீட்டர் ஆழக் கரிசல், பயிர் உறிஞ்சத்தக்க நீராக 150 முதல் 200 மி.மீ. வரை வைத்திருக்கும். மெல்லிய செவல் இதில் பாதியைக்கூடத் தாங்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை உண்டு, மழை நின்றபின் தை, மாசியிலும் பருத்தியும் கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் விளைவது இந்தச் சேமிப்பால்தான். கருங்கண்ணிப் பருத்தி இந்த மண்ணோடு இத்தனை பொருந்திப் போனதற்கும் அதன் ஆழ்ந்த வேரும் கரிசலின் ஆழ்ந்த ஈரமுமே காரணம்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. கரிசல் நீரைப் பிடிப்பது மட்டுமன்றி, அதில் ஒரு பங்கை விடாமலும் வைத்துக்கொள்ளும். பயிர் வாடும் நிலையிலும் கரிசலின் எடையில் ஐந்தில் ஒரு பங்களவுக்கு நீர் இருக்கக்கூடும். வேர் அதை இழுக்க முடியாது. கையில் எடுத்தால் ஈரமாகத் தெரியும்போதே செடி தலை சாய்வதன் காரணம் இதுதான். காய்ந்த கரிசலில் பெய்யும் 10 மி.மீ. தூறல் பயிருக்குப் பயன்படாமலே போகும். அதே தூறல் செவலில் விதையை முளைக்கவைக்கும். சிறு மழைகளாகப் பிரிந்து பெய்யும் ஆண்டில் உங்கள் மேட்டு நிலமும், பெருமழை பெய்து ஓய்ந்துவிடும் ஆண்டில் பள்ளமும் கைகொடுக்கும். ஒரே சரிவில் இரண்டு மண்ணும் வாய்த்திருப்பதை நான் ஒரு குறையாகவே கருதமாட்டேன். மானாவாரியில் அதைவிட நல்ல காப்பு அரிது. மேட்டில் நிலக்கடலை, கம்பு, துவரை. கீழே பருத்தி, சோளம், உளுந்து, மல்லி என்று மண்ணுக்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கரிசலில் உழவின் பதம் மிகக் குறுகியது. ஈரம் மிகுந்தால் கலப்பையில் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் பெரும் கட்டிகளாகப் பெயரும். மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடும் பழக்கம் இந்தக் குறுகிய பதத்தைச் சமாளிக்கக் கண்ட வழி; பருவமழை பிடித்தபின் ஏரை இறக்க முடியாது என்பதை நம் முன்னோர் நன்றாக உணர்ந்திருந்தார்கள். பயிர் நிற்கும்போது ஊடு உழவு செய்வது களையெடுக்க மட்டுமன்று. வெடிப்புகளை மூடி, ஆழத்து ஈரம் ஆவியாவதைத் தடுக்கவும்தான். நீர் தேங்கும் இடங்களில், இக்ரிசாட் பரிந்துரைத்த 150 செ.மீ. அகலப் பாத்தியும் சாலும் கொண்ட அமைப்பை மிகக் குறைந்த சரிவில் ஓடைப்பக்கம் வடியுமாறு அமைத்தால் வேர் அழுகாது, மண்ணும் அரிக்காது.

உங்கள் நிலத்தை நேரில் அறிய, சரிவின் போக்கில் மூன்று குழிகள் போதும்: மேட்டில் ஒன்று, நிறம் மாறும் நடுச்சரிவில் ஒன்று, ஓடைக்குச் சற்று மேலே ஒன்று. அறுவடை முடிந்து மண்ணில் சிறிது ஈரம் இருக்கும்போதே வெட்டுங்கள். கரிசல் குழியின் சுவர் அந்த வழுவழுப்பான தளங்களில் திடீரென்று சரியும். ஆகவே ஆழக் குழிக்குள் தனியாக இறங்கக் கூடாது, ஒரு பக்கத்தைப் படியாக வெட்டிக்கொள்ள வேண்டும். மேட்டில் எத்தனை ஆழத்தில் சரளையும் சிதைந்த பாறையும் வருகின்றன, நடுவில் எந்த ஆழத்தில் களி திரள்கிறது, கீழே வழுவழுப்பான தளங்களும் சுக்கானும் எங்கே தொடங்குகின்றன என்று அளந்து எழுதுங்கள். நடுச்சரிவுக் குழியில், மேலே பழுப்பு மண்ணும் கீழே கறுத்த களியும் இருந்தால், மேட்டு மண் அண்மைக்காலத்தில் அரித்து வந்து கரிசலை மூடியிருக்கிறது என்று பொருள். மேட்டில் வரப்பு போடுவது அப்போது அவசரத் தேவை.

பண்ணைக்குட்டைக்குக் கரிசல் நல்ல இடம். களியே நீரைத் தாங்குவதால் பெரும்பாலும் தார்ப்பாய் விரிக்கத் தேவையில்லை. ஆனால் குட்டையின் அடி களிக்குள்ளேயே நிற்க வேண்டும். ஆழம் வேண்டும் என்று சுக்கான் அடுக்கையும் அதன் கீழுள்ள சிதைந்த பாறையையும் தொட்டுவிட்டால் நீர் அதன் வழியே இறங்கிவிடும். மூன்றாவது குழியில் எழுதி வைத்த அளவு இங்கே உதவும். கரையின் சரிவு, ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை சாய்வாக இருக்கட்டும். செங்குத்தாக வெட்டிய கரிசல் கரை முதல் மழைக்கே சரியும். கோடையில் அடி வெடித்துவிட்டால் அடுத்த மழையின் முதல் நீர் அந்த வெடிப்புகளை மூடவே செலவாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வைப்பறையைப் பொறுத்தவரை, கரிசலில் கட்டாதீர்கள். செவல் மேட்டில் கட்டுங்கள். ஆழமற்ற கடைக்காலின்மேல் எழுந்த சுவர் கரிசலில் ஆண்டுதோறும் மழைக்கு எழும்பிக் கோடைக்கு அமரும். அதிலும் சுவரோரம் ஒரு வேகத்திலும் அறையின் நடு வேறொரு வேகத்திலும் அசைவதால், சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். வேறு வழியின்றிக் கீழே கட்ட நேர்ந்தால், முதலில் மண்ணின் உப்புந்திறனைச் சோதியுங்கள். இந்தியத் தர நிர்ணயம் 2720, பகுதி 40 கூறும் சோதனை எளியது: 425 மைக்ரான் சல்லடையில் சலித்த 10 கிராம் மண்ணை ஓர் அளவுகுழாயில் மண்ணெண்ணெயிலும், இன்னொன்றில் காய்ச்சி வடித்த நீரிலும் போட்டு 24 மணி நேரம் வைத்தால், மண்ணெண்ணெயில் மண் உப்பாது, இரண்டின் கன அளவுக்கும் உள்ள வேறுபாட்டை மண்ணெண்ணெயில் உள்ள அளவின் விழுக்காடாகக் கணக்கிட வேண்டும். அது 50ஐத் தாண்டினால் சாதாரணக் கடைக்கால் ஆகாது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரவலாக்கிய, அடியில் குமிழ்போல விரிந்த தூண் அடித்தளத்தை, பருவ ஈரம் மாறும் ஆழத்துக்குக் கீழே, ஏறத்தாழ மூன்றரை மீட்டருக்கு இறக்கி, மேலே தூண்களை இணைக்கும் உத்திரத்துக்கும் கரிசலுக்கும் இடையே வெற்றிடம் விட்டுக் கட்ட வேண்டும். ஒரு சிறு வைப்பறைக்கு அத்தனை செலவு தகாது. உங்கள் மேட்டிலேயே சில அடி ஆழத்தில் சரளை இருக்கும்போது, அறையை அங்கே வைத்து, கூரைநீரைக் குழாய் வழியே கீழேயுள்ள குட்டைக்குத் திருப்பிவிடுங்கள்.